கயிற்றைப் பிடித்திருப்பவன்

மணப்பாட்டு மணற்குன்றின்மேல் 1581ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் திருச்சிலுவைக் கோவிலுக்கு ஏறுகிறவர்கள் வழியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவது உண்டு. சென்ற மாசியில் என்னுடன் ஏறிய பெரியவரோ நான்கு இடங்களில் நின்றார். இளமையில் தூத்துக்குடிக் கடலில் கல்லும் கயிறுமாகச் சங்கு குளித்தவர் அவர். மூச்சை அடக்கிப் பிழைத்த மனிதர், இன்று மூச்சு வருவதற்காகக் காத்து நிற்கிறார்.

நுரையீரலில் வந்த புற்றுநோய்க்கு ஆறு வாரம், முப்பது தடவை, கதிர் சிகிச்சை பெற்றவர் அவர். நோய் அடங்கிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெற்றியைப் பற்றி அல்ல. என் குற்றத்தைப் பற்றி.

கதிர் நோயுற்ற இடத்தை அழிக்கும்போது அருகிலுள்ள நல்ல சதையையும் தொட்டுவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் உணவுக்குழல் புண்ணாகிச் சோறு இறங்காது. உடம்பு காரணமில்லாமல் சோர்ந்து விழும். சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் நுரையீரலில் அழற்சி தோன்றி இருமலும் மூச்சுத் திணறலும் வரலாம். பின்னால் அந்த இடம் தழும்பேறி இறுகுவதும் உண்டு. எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. வந்தால் பெரும்பாலானவற்றுக்கு மருந்து உண்டு.

இவற்றையெல்லாம் மருத்துவர் மகனிடம் விளக்கியிருந்தார். "அப்பாவிடம் சொல்லட்டுமா?" என்று மகன் என்னைக் கேட்டான். "வேண்டாம், பயந்துவிடுவார்" என்றேன் நான். அன்பாகத்தான் சொன்னேன். அன்பாகச் சொன்னதாலேயே அது சரியென்றும் நினைத்தேன்.

மூன்றாம் மாதம் அவருக்கு இருமல் வந்தது. நோய் திரும்பிவிட்டதென்று தாமே முடிவு செய்துகொண்டு, மூன்று வாரம் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தார். உடம்பிலிருந்து கதிர் வீசுமென்று யாரோ சொன்னதை நம்பி, பேரக் குழந்தையைத் தூக்காமலும் இருந்தார். வெளியிலிருந்து கருவியால் பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை என்ற ஒரு வார்த்தையை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

குன்றின் உச்சியில் உட்கார்ந்து அவர் கேட்டார்: "தம்பி, குளிக்க இறங்குறவன்கிட்ட எத்தனை பாகம் ஆழம்னு சொல்லாம இறக்கி விடுவாங்களா?"

"உங்களுக்குப் பயம் வரக்கூடாதென்றுதான், அண்ணாச்சி..."

"ஆழம் தெரிஞ்சா பயம் வரும். தெரியாட்டா மூச்சு முட்டும்."

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. "பிழைப்பாரா?" என்பதே அன்று எல்லாருடைய கேள்வி. பிழைப்பவர்கள் பெருகப் பெருக, "எப்படி வாழ்கிறார்?" என்ற இரண்டாவது கேள்வி பிறந்தது. 1993இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் அதற்கென்றே முப்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். அதற்கு விடை எழுதவேண்டியவர் மருத்துவரும் அல்லர், மகனும் அல்லர், நோயாளி. 2010இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளில், தொடக்கத்திலிருந்தே துன்பந் தணிக்கும் கவனிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாக வாழ்ந்ததோடு, சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

உண்மையை எல்லார் தலையிலும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிய விரும்பாதவரும் உண்டு. அதுவும் அவருடைய உரிமைதான். ஆனால் "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று அவரையே கேட்கலாமே! நான் அதைக்கூடக் கேட்கவில்லை. அவருடைய பயத்தை நானே அளந்து, அவருக்குப் பதிலாக நானே முடிவு செய்தேன். உண்மையில் நான் காப்பாற்றியது அவரை அல்ல. அவர் முகம் வாடுவதைப் பார்க்கும் சங்கடத்திலிருந்து என்னைத்தான்.

தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன், கீழே இருப்பவனுக்காக மூச்சுவிட முடியாது. கயிறு அசைகிறதா என்று கவனித்துக்கொண்டிருக்க முடியும். அந்த ஒரு வேலையை நான் செய்யவில்லை.

இறங்கும்போது அவர் மூன்று இடங்களில் நின்றார். நானும் நின்றேன். ஒவ்வொரு முறையும், "எப்படி இருக்கிறது, அண்ணாச்சி?" என்று கேட்டேன், பதில் வரும்வரை காத்திருந்தேன்.