பெருக்குகிறவரைக் கேட்டீர்களா?

வாக்குவம் க்ளீனர் வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். போனஸ் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடைக்குப் போகிறீர்கள். கடைப் பையன் ஓடி வருகிறான். "சார், இது ஆயிரத்து அறுநூறு வாட். அது ஆயிரத்து இருநூறுதான். பவர் பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பிக்கிறான்.

கவனியுங்கள், அவன் பேசுவது உங்களிடம். ஏனென்றால், பணம் கொடுக்கப் போவது நீங்கள். சரி, அந்த மெஷினை வீட்டில் கையில் பிடிக்கப் போவது யார்?

இந்த ஒரு கேள்வியை மட்டும் கடையில் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்டுப் பார்ப்போமா?

முதலில் வாட் விவகாரத்தை முடித்துவிடலாம். வாட் என்பது மெஷின் எவ்வளவு கரன்ட் குடிக்கிறது என்கிற கணக்கு. எவ்வளவு தூசு இழுக்கும் என்கிற கணக்கு அல்ல. நிறையச் சாப்பிடுகிறவரெல்லாம் நிறைய வேலை செய்கிறாரா என்ன? ஐரோப்பிய யூனியனில் 1600 வாட்டுக்கு மேல் கூடாது என்கிற சட்டம் 2014-ல் அமலுக்கு வந்தது. 2017-ல் அதையும் 900-க்குக் குறைத்தது. அதனால் ஐரோப்பியர்கள் வீடெல்லாம் குப்பைமேடு ஆகிவிடவில்லை.

மெஷினுக்குள் நடப்பது எளிமையான விஷயம்தான். விசிறி சுழன்று காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தூசையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. ஆனால், பாய்ந்த காற்று திரும்ப வெளியே வந்தாக வேண்டுமே? ஃபில்டர் மட்டமாக இருந்தால், கண்ணுக்குத் தெரிகிற குப்பை உள்ளே தங்கும். கண்ணுக்குத் தெரியாத தூள் பின்பக்கமாக வெளியேறி மூக்கில் ஏறும். யார் மூக்கில்? மெஷினைப் பிடித்திருப்பவர் மூக்கில்தான். 'ஹெப்பா' ஃபில்டர் என்று கேட்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 99.97-ஐ அது பிடித்துவிடும்.

இன்னும் பாருங்கள். எடை நாலு கிலோவா, ஏழு கிலோவா? மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்குத்தான் தெரியும். பை உள்ள மாடலா, பை இல்லாததா? பை இல்லாவிட்டால் பைச் செலவு மிச்சம். டப்பாவைத் தட்டிக் கொட்டும்போது கிளம்பும் தூசு மட்டும் இலவசம். அதுவும் கொட்டுகிறவருக்கே.

விலையைத் தவிர, அந்த மெஷினைப் பற்றிய எல்லா நல்லது கெட்டதும் பிடிக்கிறவர் தலையில்தான் விடிகிறது. தேர்ந்தெடுப்பது மட்டும் இன்னொருவர்!

சரித்திரத்தில் ஒரே ஒரு முறையாவது இது தலைகீழாக நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் கான்டன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்தார் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர். அறுபதை நெருங்கும் வயது. ஆஸ்துமா வேறு. கடையின் கார்ப்பெட்டுகளைக் கூட்டினால் தூசு கிளம்பும், மூச்சு முட்டும். மனிதர் யோசித்தார். ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு சோப்புப் பெட்டி, ஒரு துடைப்பக் கட்டை, ஒரு தலையணை உறை... இவற்றை வைத்து 1907-ல் அவரே ஒரு மெஷினைச் செய்தார். 1908-ல் காப்புரிமையும் வாங்கினார்.

அவருக்கு முன்பே, 1901-ல், லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் தூசு உறிஞ்சும் இயந்திரத்தைச் செய்திருந்தார். ஆனால் அது குதிரை பூட்டி இழுத்துப்போக வேண்டிய ராட்சசன். ஒரு ஆள் ஒரு கையால் பிடித்து நடக்கிற மின்சார மெஷினாக அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், ஒரு பெருக்குகிற தொழிலாளி. வலி அவருடையது. அதனால் விடையும் அவரிடமிருந்தே வந்தது.

காப்புரிமையை அவரிடமிருந்து வாங்கியவர், தோல் பொருள் வியாபாரம் செய்துவந்த வில்லியம் ஹூவர். இன்றைக்கும் இங்கிலாந்தில் வாக்குவம் க்ளீனரை 'ஹூவர்' என்றே சொல்கிறார்கள். ஸ்பேங்ளர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பெருக்கியவர் பெயர் தரையோடு போயிற்று. விற்றவர் பெயர் அகராதியில் ஏறிவிட்டது.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் எங்கேயோ ஒரு வரவு இருந்தாக வேண்டும் என்பது. 'இந்த மெஷின் உழைப்பை மிச்சப்படுத்தும்' என்கிறது விளம்பரம். சரி, மிச்சமான உழைப்பு யார் கணக்கில் வரவு?

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தலைப்பு 'மோர் வொர்க் ஃபார் மதர்', அதாவது அம்மாவுக்குக் கூடுதல் வேலை. அந்தக் காலத்தில் கனத்த கார்ப்பெட்டை வெளியே தூக்கிப்போய் அடித்து உதற ஆண்களும் பிள்ளைகளும் கை கொடுத்தார்கள். அதுவும் எப்போதோ ஒருமுறை. மெஷின் வந்தது. 'அதான் மெஷின் இருக்கே' என்று ஆண்கள் கழன்றுகொண்டார்கள். எப்போதோ செய்த வேலை, அம்மா தனியாக அடிக்கடி செய்யும் வேலை ஆயிற்று. சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது. அம்மாவின் ஓய்வு உயரவில்லை.

நம் ஊர்க் கதை? மத்திய அரசு 2019-ல் நாடு முழுக்க மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். கை வைத்தவர்களிலும் பெண்கள் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். கல்யாண நாளுக்கு மனைவிக்கு வாக்குவம் க்ளீனர் பரிசளித்து, "உனக்காகத்தான் வாங்கினேன்" என்று சொல்லும் கணவர்களுக்கு ஒரு வார்த்தை. அவ்வளவு சுலபமான மெஷின் என்றால், அதை நீங்களே பிடிக்கலாமே சார்?

வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வீடுகளில் கணக்கு இன்னும் சிக்கல். மெஷின் ஒன்பதாயிரம், பெருக்கித் துடைக்க மாதம் ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்வோம். ஆறே மாதத்தில் போட்ட காசு வந்துவிடும். "அக்காவை நிறுத்திடலாம்" என்று ஒரு குரல் எழும். கணக்கு சரி. ஆனால் இந்த லெட்ஜரில் அந்த அக்கா வீட்டு அரிசி ஒரு வரியாகக்கூட வராது.

இன்னொரு குரல், கொஞ்சம் ஈரமானது. "பாவம், பிழைப்பு போயிடும். மெஷினே வேண்டாம்." கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு, ஐம்பது வயசு மனுஷி குத்துக்காலிட்டு மூன்று ரூம் தரையைத் துடைப்பதை சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது என்ன தர்மம்? நம் இரக்கத்துக்கு அவருடைய முதுகு வாடகை கட்டுகிறது.

மூன்றாவது குரல்தான் ரொம்ப சாமர்த்தியம். மெஷினும் வரும், அக்காவும் இருப்பார். "இப்பதான் ஈஸியாயிடுச்சே, பால்கனியையும் சேர்த்துப் பண்ணிடுங்க." மிச்சமான உழைப்பு உடனடியாக நம் கணக்கில் வரவு!

மூன்று குரலிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது, கவனித்தீர்களா? அந்த அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நண்பர் ஒருவர் வீட்டில் கேட்டார்கள். "அக்கா, உங்க வேலையைச் சுலபமாக்க மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?" அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "வேணாம்மா. இழுத்துக்கிட்டே நடக்கணும், ஒயரு கால்ல மாட்டும். பெருக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல. குந்தித் துடைக்கறதுதான் முட்டி போவுது. நீளமா கட்டை வச்ச மாப்பு ஒண்ணு வாங்கிக் குடுத்தாப் போதும்."

சில நூறு ரூபாய்ச் சமாசாரம். பல வருஷமாக அந்த முட்டி வலித்துக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

யோசித்தால், வாக்குவம் க்ளீனர் பிறந்ததே கார்ப்பெட்டுக்காக. நம் வீடுகளில் மொசைக், டைல்ஸ். ஈரத்துணிதான் இங்கே ராஜா. சோபா, மெத்தை, ஜன்னல் திரை, ஆஸ்துமாக் குழந்தை என்று காரணம் இருந்தால் மெஷின் தாராளமாக வாங்குங்கள். நல்ல பொருள்தான். வாங்கினால் இரண்டு விஷயம். பிடிக்கப் போகிறவரையே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அவரே தேர்ந்தெடுக்கட்டும். மிச்சமாகிற அரை மணி நேரத்தில் புது வேலை எதையும் திணிக்காதீர்கள், சம்பளத்தையும் குறைக்காதீர்கள். அந்த அரை மணி அவருடைய வரவு.

கேட்கத் தயக்கமாக இருக்கிறதா? வேறு வழியும் இருக்கிறது. கடைக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு வாரம், உங்கள் வீட்டை நீங்களே பெருக்கித் துடையுங்கள். கட்டிலுக்கு அடியில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், மாடிப்படி மூலையில், எல்லாம் சேர்த்து.

எட்டாவது நாள், எந்த மெஷின் நல்லது என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்காது. முதுகே சொல்லும்.