அச்சுறுத்தல் எது என்று தீர்மானிப்பவர் யார்?

1947 நவம்பரில் இலங்கை பிரித்தானியாவுடன் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியப் படைகளின் வசமே இருந்தன. பிரதமர் டி. எஸ். சேனநாயக்க அரசின் பெரும் அச்சம் இந்தியா. அந்த அச்சமும், இடதுசாரிகளுக்குப் போகும் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் பற்றிய கணக்கும் சேர்ந்து, அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டமாயின. மலையகத்தின் லிந்துலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நாடற்றவர்களானார்கள். 1957இல் தளங்கள் திரும்பி வந்தன. பறிபோன குடியுரிமை முழுமையாகத் திரும்ப 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று இலங்கை சேர்ந்திருப்பது வேறு வகைக் கூட்டமைப்பில். 2011இல் இந்தியா, இலங்கை, மாலைத்தீவு ஆகியவை கடற்பாதுகாப்புக்காகத் தொடங்கிய பேச்சுதான் பின்னர் கொழும்பு பாதுகாப்பு மாநாடாக வளர்ந்தது. ஒரு நாட்டைத் தாக்கினால் மற்றவை போருக்கு வரவேண்டும் என்ற கடப்பாடு இதில் இல்லை. பயங்கரவாதம், ஆட்கடத்தல், இணையத் தாக்குதல் என விரிந்த பணிகளில் இப்போது அனர்த்த நிவாரணமும் உண்டு.

இந்த விரிவு நியாயமானதா? பாதையும் பாலமும் அறுந்த மலைக்கு ஹெலிகொப்டரை அனுப்பக்கூடியவர்கள் படையினர்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது இந்தியக் கப்பல்களும் ஹெலிகொப்டர்களும் உதவிக்கு வந்தன. உயிர் காக்கும் கையை, அது இராணுவக் கை என்பதற்காகத் தட்டிவிடுவது அறமாகாது.

ஆனால் மண்சரிவைப் பாதுகாப்புப் பிரச்சினை என்று அழைத்தவுடன், அது மழையோடு தொடங்கி மீட்போடு முடியும் சம்பவமாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. 2014இல் மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டதற்கு முன்பே அங்கு அபாய எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. சரிவின் அடியில் இருப்பவர்கள் எச்சரிக்கையைக் கேட்டதும் எங்கே போவது? சொந்தக் காணி இல்லாதவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அவர்களுடைய நிலமின்மை எந்தக் கூட்டமைப்பின் அச்சுறுத்தல் பட்டியலிலும் வராது. அந்தப் பட்டியலை எழுதும் மேசையில் அவர்களுக்கு ஒருபோதும் இடம் இருந்ததில்லை.

இந்தக் குறையைக் கொழும்பு மாநாட்டில் கூடும் பாதுகாப்பு ஆலோசகர்களால் தீர்க்க முடியாது. எந்த லயத்தை முதலில் அகற்றுவது, அந்தக் குடும்பங்களுக்கு எந்த இடத்தில் உறுதியோடு காணி கொடுப்பது என்பவை இலங்கை அரசும் தோட்டக் கம்பனிகளும் தொழிலாளரை முன்வைத்துப் பேசி முடிக்க வேண்டிய காரியங்கள். அடுத்த மழைக்கு முன் அவற்றைச் செய்ய எந்த நாட்டின் கப்பலுக்கும் காத்திருக்கத் தேவையில்லை.