ஜாதி நாயும் வாங்குவோர் கடமையும்



சில வாரங்களுக்கு முன்னர், நம் கூட்டம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் துயரத்தோடு என்னிடம் வந்தார். தம் மகள் ஆசைப்பட்டாள் என்று 18,000 ரூபாய் கொடுத்துச் சந்தையில் ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கினாராம். நான்காம் நாள் அது வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டு, ஏழாம் நாள் இறந்துவிட்டது. பார்வோ நோய் என்றாராம் கால்நடை மருத்துவர்.

"விற்றவன் என்னை ஏமாற்றிவிட்டான், ஐயா" என்றார்.

"தாய் நாயைப் பார்த்தீர்களா, தம்பி?" என்று கேட்டேன்.

"குட்டியைத்தானே வாங்கப் போனேன், தாயை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்றார்.

அவருக்கு அன்று நான் நிறைவான விடை கூறவில்லை. பல நாள் சிந்தித்தபின் இங்கே எழுதுகின்றேன்.

யான் நூற்பாலையில் பல்லாண்டுகள் உழைத்தவன். கடைக்கு வந்து சேலையின் பளபளப்பைக் கண்டு மகிழ்பவர், அந்நூல் எத்தகைய கூடத்தில் எவருடைய நெஞ்சில் பஞ்சுத் தூசியை நிரப்பிப் பிறந்தது என்று வினவுவதில்லை. மலிவான சேலையையே எல்லோரும் நாடினால், கூடத்தில் காற்றுப்போக்கி அமைக்கும் முதலாளி தோற்பான், அமைக்காதவன் வெல்வான். வாங்குவோர் கையிலுள்ள காசே இவ்விருவரில் ஒருவனை வாழ வைக்கின்றது. நாய்க்குட்டி வாணிகத்திலும் இதுவே நிகழ்கின்றது.

உபாசகர் செய்யத்தகாதன என்று பகவன் விலக்கிய ஐவகை வாணிகங்களுள் உயிர்களை விற்றலும் ஒன்று என்று அங்குத்தர நிகாயம் கூறும். விற்பவனுக்கே அன்றோ அவ்விலக்கு, வாங்குபவனுக்கு என்ன என்று சிலர் வினவலாம். வாங்குவோர் இன்றேல் வாணிகம் ஏது? நாம் குட்டிக்குக் கொடுக்கும் பணம் அக்குட்டியோடு முடிந்துவிடுவதில்லை. அதன் தாய் மீண்டும் சினையாக்கப்படுவதற்கும் அதுவே கைம்முதலாகின்றது.

இருண்ட கூண்டில், சாணமும் மூத்திரமும் தோய்ந்த கம்பித் தரையில், பருவந்தோறும் சினையாக்கப்படும் பெட்டை நாய்கள் உள்ளன. பால் மறவாத குட்டிகளைப் பிரித்துத் தரகர் கையில் கொடுத்துவிடுகின்றனர். அதனாற்றான் விற்பவன் தாயைக் காட்ட மறுக்கின்றான். பேருந்து நிலையத்தருகே வந்து தருகின்றேன் என்கின்றான்.

இக்கொடுமையைத் தடுக்க 2017-ஆம் ஆண்டில் இந்திய அரசு நாய் இனவிருத்தி, விற்பனை பற்றிய விதிகளை வகுத்தது. நாய்களை ஈனச்செய்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெறல் வேண்டும். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்றல் கூடாது. 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணை சேர்த்தல் கூடாது. அடுத்தடுத்த இரு பருவங்களில் சினையாக்குதலும் கூடாது. விதி ஏட்டில் உளது. அதனைக் கேட்கும் வாய் வாங்குவோருடையது.

ஆதலின் குட்டி வாங்க முடிவு செய்தவர் முதலில் விற்பவரின் இடத்திற்கே செல்க. தாய் நாயைக் காண்க. அது மனிதரைக் கண்டு வாலாட்டுகின்றதா, மூலையில் ஒடுங்கி நடுங்குகின்றதா? எத்தனை முறை ஈன்றது? பதிவுச் சான்று எங்கே? தடுப்பூசி போட்ட மருத்துவர் யார்? லாப்ரடார், அல்சேஷன் போன்றவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதுண்டு; பெற்ற நாய்களின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததுண்டா? இவற்றைக் கேட்டால் நல்லவர் சினங்கொள்ளார். அவரே நம்மையும் வினவுவார்: வீட்டில் பகலில் யார் இருப்பர்? இதற்குமுன் நாய் வளர்த்ததுண்டா? வளர்க்க இயலாது போனால் என்னிடமே திருப்பித் தருவீரா? பணத்தை எண்ணி வாங்கிக் கொண்டு ஒன்றும் கேளாதவனைவிட்டு விலகுக.

இனி, ஜாதிப் பத்திரம் பற்றி ஒரு சொல். நாயிலும் 'ஜாதி நாய்' என்று சொல்லிப் பழகிய நாட்டில் பிறந்தோம் நாம். கென்னல் கிளப் தரும் வம்சாவளிப் பத்திரம் பாட்டன் பூட்டன் பெயரைச் சொல்லும், நோயின்மையைச் சொல்லாது. டால்மேஷன் என்னும் புள்ளி நாயின் கதையைக் கேளுங்கள். பிற நாய்களைப் போல யூரிக் அமிலத்தைச் சிதைக்க அவ்வினத்திற்கு இயலாமற் போயிற்று. அதனால் மூத்திரப்பையில் கல் உண்டாகி, நீர் அடைத்துப் பல நாய்கள் துன்புற்றன. 1973-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்னும் அறிஞர், பாயின்டர் இன நாய் ஒன்றோடு ஒரே ஒருமுறை கலந்து, அதன் வழித்தோன்றல்களை மீண்டும் மீண்டும் டால்மேஷனோடே இணைத்து, அக்குறை நீங்கிய புள்ளி நாய்களைப் பெற்றார். 1981-இல் இரண்டு நாய்கள் பதிவும் பெற்றன. உடனே "கலப்பு, கலப்பு" என்று எதிர்ப்பெழுந்து பதிவு நின்றது. 2011-ஆம் ஆண்டிற்றான் அமெரிக்கக் கென்னல் கிளப் அவ்வழி நாய்களை ஏற்றது. முப்பது ஆண்டுகள்! மருந்து கையில் இருந்தும், இரத்தத் தூய்மையின் பெயரால் வாயில்லா உயிர்கள் கல்லடைத்து வருந்தின. தூய்மை என்னும் சொல் உயிரின் துன்பத்தைவிடப் பெரிதாகும்போது என்ன நேரும் என்பதை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் ஜாதி நாயே வேண்டா, தெருவில் திரியும் குட்டியை எடுத்து வளர்க்கலாமே என்பீர்கள். மெத்தச் சரி; யானும் அதனையே முதலிற் கூறுவேன். எனினும் வாங்கத்தான் போகின்றேன் என்பவரிடம் வாங்காதே என்று மட்டும் கூறி நிறுத்தினால், அவர் நேரே சந்தைக்கே செல்வார். நல்ல பண்ணையாரும் உயிருக்கு விலை பெறுபவரே. அவ்வுறுத்தல் அவர்க்கும் நமக்கும் இருக்கட்டும். ஆயினும் தாயை வதைப்பவனுக்கும் பேணுபவனுக்கும் வேற்றுமை இல்லையென்று கூறுதல், அந்தத் தாய்க்குச் செய்யும் அநீதியாகும்.

அவ்விளைஞரை மீண்டும் கண்டேன். மகள் இன்னும் நாய் கேட்கின்றாளாம். "இம்முறை அவளையும் அழைத்துச் செல்லுங்கள், தம்பி. குட்டியைத் தூக்குமுன் அதன் தாய் இருக்கும் இடத்தை அவள் பார்க்கட்டும். அதைப் பார்த்தபின்னும் மகிழ்ச்சியோடு அவளால் வீடு திரும்ப முடியுமாயின் வாங்குங்கள்" என்றேன்.

அன்பர்களும் அங்ஙனமே செய்வார்களாக.