யார் வீட்டுப் பிள்ளை?

நெமிலியில் புதிதாக ஒருவர் வந்து நின்றால், "என்ன செய்கிறீர்கள்?" என்று முதலில் கேட்பவர் குறைவு. "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான் கேள்வி. விடை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தெரிந்துவிட்டதாக எண்ணம். மேற்கே ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் இடங்களில் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்குத் தெரியும், இந்தக் கேள்வி எவ்வளவு கூரானது என்று.

இதே கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சற்று அச்சமும் வந்தது.

உயிர்களின் உடலில் பெரும்பாலான வேலைகளைச் செய்பவை புரதங்கள். இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை என்று ஒரு புரதத்தைச் சொல்லலாம். மணிகளின் வரிசையை இப்போது எளிதில் படித்துவிடுகிறார்கள். அது என்ன வேலை செய்கிறது என்று சோதனைச் சாலையில் கண்டறிவதுதான் கடினம். ஆகவே 1990-இல் வந்த பிளாஸ்ட் போன்ற மென்பொருளிடம் வரிசையைக் கொடுக்கிறார்கள். தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டு, இன்னின்னவை இதற்கு உறவு என்று அது காட்டும். உறவினர் வேலையே இதற்கும் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

பல சமயம் பலிக்கிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனையே பாருங்கள். அது மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என்று 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொன்னவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன என்று மறு ஆண்டே அதைத் திருத்தினார்கள். அந்த இழையில் மூன்றாவது மணிதோறும் கிளைசின். மிகச் சிறிய மணி. அதனால்தான் இழைகள் நெருங்க முடிகிறது. இந்த ஒழுங்கை நெடுக ஒரு வரிசையில் கண்டால், கொலாஜன் போன்றது என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் வாத்தின் கண்ணில் இந்தத் துணிவு செல்லாது. அதன் கண் வில்லையில் ஏராளமாக இருக்கும் ஒரு புரதம், உடலின் மற்ற இடங்களில் லாக்டிக் அமிலத்தை மாற்றும் நொதியேதான் என்று 1987-இல் கண்டார்கள். உறவுகூட இல்லை, அதே ஆள். அங்கே நொதி, இங்கே ஒளியை வளைக்கும் கண்ணாடி. வரிசையை மட்டும் படித்தவர் அதை நொதி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். ஒரு பதிவேட்டில் ஏறிய தவறான பெயரை அடுத்த பதிவேடு நம்பி எடுத்துக்கொள்வதும் உண்டு. ஊர்ப் பேச்சு பரவுகிற விதமேதான்!

அப்படியானால் குலத்தைப் பார்த்து ஊகிப்பதே குற்றமா? நான் அப்படி நினைக்கவில்லை. எங்கே தேடுவது என்பதற்கு ஓர் ஊகம் வேண்டும். யூனிப்ராட் என்ற புரதப் பதிவேட்டில், ஒரு செய்தி சோதனையில் கண்டதா, உறவைப் பார்த்து ஊகித்ததா என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் குறிப்பின் மேல்தான் மதிப்பு. புரதத்துக்கு நாம் எழுதுவதைப் பற்றி என்ன கவலை? தோல் தொழிலாளியின் மகன் சங்கதி வேறு. வேலைக்கு மனுப் போட்டவனிடம் தகப்பனார் தொழிலைக் கேட்டுக்கொண்டு, "சொல்லி அனுப்புகிறோம், தம்பி" என்கிறார்கள். அவன் கணக்குப் போடுவானா என்று யாரும் கேட்கவில்லை.