வாளாவிருந்தார் வழக்கு

சென்ற திங்களில் ஒருநாள் மாலை, பதுளையில் யான் நடத்தும் வாசிப்பு வகுப்பு முடிந்தபின், இளைஞர் ஒருவர் என்னுடன் சிறிது தூரம் நடந்து வந்து ஒரு வினாவை வினவினார். "ஐயா, ஓர் அரசு ஒரு கூட்டத்தாருடைய உரிமையைச் சட்டம் இயற்றிப் பறிக்கின்றது. அக்கூட்டத்தைச் சேராதவன் ஒருவன் அதனை ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேற் குற்றமுண்டோ?" என்பது அவர் வினா. அவர் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். யானோ யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் பார்க்க வந்து இம்மலைநகரில் நிலைத்த குடும்பமொன்றின் வழித்தோன்றல். ஆதலின் அவ்வினா பொதுவினாப் போலக் கேட்கப்பட்டதெனினும், யாரை நோக்கிக் கேட்கப்பட்டதென்பது எனக்கு விளங்காமற் போகவில்லை. அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை; அதனைத் திருத்தும்பொருட்டே இதனை எழுதத் துணிந்தேன்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 1948-ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் எய்திற்று. அவ்வாண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நவம்பர் 15-ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒருவன் இந்நாட்டிற் பிறந்தவனென்பது போதாது; அவன் தந்தையும் இங்கே பிறந்தவனாதல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவராதல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. லயத்தறையிற் பிறந்து லயத்தறையில் இறந்த ஏழைத் தொழிலாளி, தன் தந்தையின் பிறப்புக்கே சான்றிதழ் காட்ட வகையின்றி நின்றான். பாட்டனுடையதற்கு எங்கே போவான்? நம்மிற் பலரும் அங்ஙனமே காட்ட வகையற்றவர்தாம். ஆயின் நம்மை எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாமையே நமக்குக் கிடைத்த சலுகை.

அடுத்து 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம், பதிவினாற் பிரசாவுரிமை பெறுதற்கு ஒரு சிறு வாயில் திறந்தது; மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வசித்தமையை நாட்டல் வேண்டும். அவ்வாண்டிலேயே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசையல்லாதவர் வாக்குரிமை இழந்தனர். 1947-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பாராளுமன்றத்துக்கு எழுவரை அனுப்பிற்று; 1952-இல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. ஏறத்தாழ எட்டு லட்சம் மக்கள் இருந்த இடத்திலேயே இருந்து கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, நாடு அவர்கள் காலடியினின்றும் நழுவிப் போயிற்று. அச்சட்டங்கள் அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவுக்கு மாறானவையல்ல என்று இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் 1953-இல் தீர்ப்பளித்தது. இனி ஒன்று: முதற்சட்டம் நடைமுறைக்கு வந்த இருபத்தைந்தாம் நாள், 1948 டிசம்பர் 10-ஆந் திகதி, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. அதன் 15-ஆம் உறுப்புரை, ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டினனாதற்கு உரிமையுண்டு என்பது.

நியாயம் பேசப் புகுந்தோர் எதிர்க்கட்சியையும் கேட்டல் வேண்டும். கண்டிச் சிங்களக் குடியானவரின் அச்சம் பொய்யன்று. 1818-இல் ஊவாவின் எழுச்சியை வெள்ளையர் அடக்கிய கொடுமையும், 1840-இன் காணிச் சட்டத்தாற் காடுகளும் சேனைகளும் முடிக்குரியனவானமையும் அவர் மனத்தில் ஆறாத புண்கள். தம் ஊரைச் சூழ்ந்த மலைகளிற் புதியவர் பெருகக் கண்டு, வாக்கினாலும் தாம் தோற்போமோ என அவர் அஞ்சினார். ஆயின் நிலத்தைக் கவர்ந்தவன் ஆட்சியாளன். பயனுற்றவன் தோட்டத் துரை. கூலிக்கு மண்வெட்டி பிடித்தவன் எதனைக் கவர்ந்தான்? அடித்தவனை விட்டு அருகில் நின்றவனை அடிப்பது எக்காலத்தும் எளிது.

இனி நம்மவர் செய்தி. 1949-ஆம் ஆண்டின் அச்சட்டத்துக்குரிய மசோதாவை, அப்போது அமைச்சராயிருந்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் எதிர்த்துப் பிரிந்து, 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியை நிறுவினார். சிங்களவரான இடதுசாரி உறுப்பினர் பலரும் இச்சட்டங்களை எதிர்த்து வாக்களித்தனர். அவர்க்கு அதனால் ஆதாயம் என்ன? பாராளுமன்றத்தின் வெளியே நம் இல்லங்களில் நடந்தது வேறு. என் பாட்டனார் பதுளையில் எழுதுவினைஞராயிருந்தவர். பூசை முடியாமல் நீரும் அருந்தாதவர். எறும்புக்கும் தீங்கு நினையாதவர். அக்காலத்தைப் பற்றி என் தந்தையார் வினவியபோது அவர் சொன்னது, "அது தோட்டத்தார் காரியம்" என்பதே. அதற்குமேல் ஒரு சொல்லும் அவர் சொன்னாரில்லை.

யான் அந்த இளைஞருக்கு அன்று சொல்லிய விடை யாதெனில், "இன்று அயலானுக்கு வந்தது நாளை நமக்கு வரும், ஆதலின் வாளாவிருத்தல் தவறு" என்பது. மேடையிலும் பத்திரிகையிலும் எங்கும் வழங்கும் விடை இது, பொய்யுமன்று. 1983 ஜூலை இறுதியிற் பதுளையிலே தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, எரித்தவர் எவரும் 'நீ வம்சாவளிப் பிரசையா, பதிவுப் பிரசையா, நாடற்றவனா' என்று வினவவில்லை. பாட்டனார் பெட்டியிற் பேணி வைத்த பத்திரங்கள் எங்களைக் காக்கவில்லை. அயல்வீட்டுச் சிங்களத் தாயார் ஒருவர் காத்தார். 1979-இல் மூன்றாண்டுக்கெனக் கொணரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982-இல் நிலையாக்கப்பட்டது. விசாரணையின்றிப் பல திங்கள் சிறைவைக்க இடங்கொடுத்த அச்சட்டத்தின்கீழ் நெடுங்காலம் தமிழ் இளைஞரே மிகுதியும் வாடினர். 2022-இலோ அதுவே சிங்கள மாணவத் தலைவர்மேற் பாய்ந்தது. கத்தி ஒருமுறை தீட்டப்பட்டால் உறையிலேயே துருப்பிடித்துக் கிடப்பதில்லை.

எனினும் இவ்விடையை நினைக்குந்தோறும் எனக்கு நாணமாயிருக்கின்றது. தன் வீட்டுக் கூரையை எண்ணி அயல்வீட்டுத் தீயை அணைப்பவன் விவேகி. அவனை அறவோன் என்று யார் சொல்வார்? 1983 நிகழாதிருந்தால், நம் முறை ஒருபோதும் வாராதிருந்தால், 1949-இன் மௌனம் குற்றமற்றதாய்விடுமா? நம் முறை வாராமலே வாழ்ந்து முடித்தோர் உலகில் அநேகர். 1935-இல் ஜெர்மனி யூதரின் பிரசாவுரிமையைப் பறித்தபோதும், 1972-இல் உகாண்டாவின் இடி அமீன் ஆசியரைத் தொண்ணூறு நாளில் வெளியேறச் சொன்னபோதும், 1982-இன் பர்மியச் சட்டம் ரோகிஞ்சியரை நாடற்றோராக்கியபோதும், அயலில் இருந்தோர் பலர் சுகமாகவே வாழ்ந்து கிழப்பருவம் எய்தினர். அவருக்கு நாம் என்ன சொல்வோம்?

யான் கருதுவது இது. உரிமை அரசு வழங்கும் கொடையாயின், கொடுத்தவன் மீட்டுக்கொண்டான். அயலான் வாய்திறக்க இடமில்லை. ஆயின் தமிழிற் 'குடி' என்னுஞ் சொல்லை நோக்குக. அது குடிமகனைக் குறிக்கும், குடும்பத்தையுங் குறிக்கும், வீட்டையுங் குறிக்கும். ஓரிடத்தில் வீடு கட்டி, பிள்ளை பெற்று, பெற்றோரைப் புதைத்தவன் குடியாகிவிட்டான். அரசன் பதிவேடு அதன் பின்னரே வருகின்றது. பதிவேடு உள்ளதைக் குறிக்கலாமேயன்றி உள்ளதை இல்லதாக்க மாட்டாது. பல்லவன் அழைப்புக்கு இணங்க மறுத்த திருநாவுக்கரசு நாயனார் சரிதத்தைப் பள்ளியிற் கற்பிக்கின்றோம். மனிதன் முழுவதும் அரசனுக்கு உடைமையல்லன் என்பது அதன் பொருளாயின், தோட்டத்து மனிதனும் அல்லன். இவ்வாறாயின், சட்டம் ஓர் உரிமையைப் பறிக்கும்போது பொய் ஒன்று உண்மையென்று எழுதப்படுகின்றது. உண்மையை அறிந்தவன் சாட்சி. மன்றத்திற் சாட்சி வாய்மூடியிருந்தால் வழக்குத் தோற்பது யாராலே?

மௌனங்கள் யாவும் ஒருதன்மையன அல்ல. அறியாமையின் மௌனம் உண்டு. அச்சத்தின் மௌனம் உண்டு, அதற்கு இரங்கலாம். ஆதாயத்தின் மௌனமும் உண்டு. 1949-இல் நம்மவர் மௌனம் அச்சத்தினாலாயது என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. அப்போது எவர் தலைக்கு மேலும் கத்தி தொங்கவில்லை, உத்தியோகங்கள் இருந்தன.

என் மௌனத்தையும் சொல்லிவிடுதல் முறை. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆந் திகதி, பண்டாரவளைக்கு அணித்தாகிய பிந்துனுவெவ புனர்வாழ்வு நிலையத்தில், அரசின் காவலிலிருந்த தமிழர் 25-க்கு மேற்பட்டோரைக் கும்பலொன்று புகுந்து கொன்றது, பொலிசார் அங்கிருந்தனர். 2003-இல் ஐவர்க்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005-க்குள் அனைவரும் விடுதலையாயினர். யான் அப்போது இளம் ஆசிரியன். மறுநாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "அவர்கள் காவலில்தானே இருந்தார்கள்?" என்று கேட்டான். யான் கரும்பலகைப் பக்கம் திரும்பி அன்றைய இலக்கணப் பாடத்தைத் தொடங்கினேன். பாதிரிமார் பள்ளியிற் படித்த நாளில், ஆட்கொணர்வு மனுவின் வரலாற்றை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு பெற்றவன் யான். 1937-இல் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசிய பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞரைத் தேசாதிபதி நாடுகடத்த முயன்றதும், உயர்நீதிமன்றம் அவரை விடுவித்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பையனுக்கு விடை சொல்லவில்லை. அஃது அச்சத்தின் மௌனம் என்று என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு. முழுதும் அச்சந்தானா என்பது இன்றும் ஐயமே.

எனவே இளைஞருக்குத் திருத்திய விடை: ஆம், குற்றமுண்டு, எம் பாட்டனார்க்கும் உண்டு, எனக்கும் உண்டு. பறித்தவன் குற்றத்துக்கு அது நிகரன்று. ஆயின் அதனைக் காட்டித் தன் குற்றத்தைக் கழித்துக்கொள்ளவும் இயலாது.

1964 அக்டோபர் 30-ஆந் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் எனப் பங்கிட்டது. அம்மக்களை எவரும் கேட்கவில்லை. சென்றவர் மூன்று லட்சத்தின் மேலாவர். என் சிறுபராயத்திற் பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து அவர்கள் ஏறிச் சென்ற வண்டியை அழுகைக் கோச்சி என்பார்கள். என் வகுப்பில் முதலாவதாய் வந்த மாணவனும் அதிற் போனான். அடுத்த தவணையில் முதலிடம் எனக்குக் கிடைத்தது. வீட்டிற் பாயசம் வைத்தார்கள். ஆதாயத்தின் மௌனம் என்று மேலே எழுதியபோது என் நாவில் அப்பாயசத்தின் சுவையே வந்தது.

எஞ்சியிருந்தோரை 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளாக ஏற்றது. பாராளுமன்றத்தில் ஒருவரும் எதிர்க்கவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்தேனும் எழுத்துத் திருந்திற்று. வாக்கு வந்தது, காணி வரவில்லை. 2014 அக்டோபர் 29-இற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் போவதற்குச் சொந்த மண் இல்லாதவரே அதன்கீழ்க் கிடந்தார்கள்.

அவ்விளைஞரின் பாட்டியார் அச்சட்டத்தின்கீழ் 2004-இல் விண்ணப்பஞ் செய்தவர். அதனை நிரப்பிக் கொடுத்தவன் யான் என்பதை அண்மையிலேதான் அவர் அறிந்தார், எனக்கும் மறந்துபோயிருந்தது. பிறந்த இடம் யாதென்று கேட்டபோது அம்மூதாட்டியார் தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை, மாவட்டத்தையும் சொல்லவில்லை. "எட்டாம் நம்பர் லயம், தம்பி, கடைசிக் காம்பரா" என்றார். அதனை அவ்வாறே எழுதினேன்.