கடல் அழகில் மனம் கரைவது பக்திக்குக் குறைவா?

உத்தனப்பள்ளியில் உங்கள் வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரும் ராயக்கோட்டையும் கூப்பிடு தூரம். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் மேட்டு நிலம் அது. ரோஜாத் தோட்டம் உண்டு, தக்காளி வயல் உண்டு, ஷிப்டு வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் உண்டு. கடல் மட்டும் கிடையாது. வருடம் முழுவதும் அடுப்படியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமுமாக ஓடிய பிறகு, ஒருநாள் குடும்பத்தோடு பெங்களூரு போய் இரவு ரயில் பிடித்து, மறுநாள் காலையில் கோகர்ணம் வந்து இறங்குகிறீர்கள்.

கோயிலில் நல்ல கூட்டம். மகாபலேஸ்வரர் சன்னதியில் நின்றது சில விநாடிகள்தான். 'நகருங்க, நகருங்க' என்ற குரலில் வேண்டிக்கொள்ள நினைத்ததுகூட மறந்துபோகிறது. மாலையில் பிள்ளைகளின் பிடிவாதத்துக்காக ஓம் கடற்கரைக்குப் போகிறீர்கள். மேட்டில் நின்று கீழே பார்த்தால், இரண்டு அரைவட்டங்களாகக் கரை வளைந்திருக்க, நடுவே பாறைகள் கடலுக்குள் நீண்டு, பிரணவ எழுத்தை யாரோ மணலில் எழுதிவைத்தது போல இருக்கிறது. அங்கே உட்கார்ந்த அரைமணி நேரத்தில், காரணமே தெரியாமல் உங்கள் கண்கள் நிறைகின்றன. பக்கத்திலிருந்து அத்தை கேட்கிறார்: ''ஏம்மா, சாமி கும்பிட வந்தோமா, வேடிக்கை பார்க்க வந்தோமா?''

சன்னதியில் கரையாத மனம் கடற்கரையில் கரைந்தால், அது தவறா? இந்தக் கேள்வி நம்மில் பலருக்கும் உண்டு. வெளியே கேட்கத்தான் தயக்கம்.

தலம் என்றால் கோபுரம் மட்டுமா?

நம் பெரியவர்கள் ஒரு கோயிலைப் பற்றிச் சொல்லும்போது மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே சொன்னார்கள். தல விருட்சம் என்று ஒரு மரத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கல்லில் இருப்பவனே நீரிலும் மரத்திலும் இருக்கிறான் என்பதுதான் இதன் பொருள். தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாகச் சொல்கிறது. திருச்செந்தூரிலும் ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் கடலை விலக்கிவிட்டு தரிசனத்தை நினைத்துப் பார்க்க முடியுமா?

கோகர்ணமும் அப்படித்தான். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலங்களில் துளுவ நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இங்கே கடலில் நீராடி, கோடி தீர்த்தத்தை வணங்கி, மகா கணபதியைக் கும்பிட்ட பிறகே சுவாமி தரிசனத்துக்குப் போகும் வழக்கம் உண்டு. ஆக, அலையைப் பார்த்து நெகிழ்ந்தது வழி தவறியது ஆகாது.

ஆனால் அத்தை கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கடற்கரைக்கு வருகிற எல்லோரும் கண் நிறைந்தா போகிறார்கள்? சத்தமும் செல்போன் படமும் சிப்ஸ் பாக்கெட்டுமாகப் பொழுதைக் கழிப்பவர்களும், அழகாகத்தான் இருந்தது என்றே சொல்வார்கள். அப்படியானால் அழகில் கரைவதற்கும் அழகை அனுபவித்துத் தீர்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? அந்தத் தலத்தின் கதையே பதில் சொல்கிறது.

ராவணனுக்குக் கிடைக்காதது

கயிலையில் தவமிருந்து ஆத்ம லிங்கத்தைப் பெற்றான் ராவணன். இலங்கை போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. வழியில் சந்தியாகால வேளை வந்தது. அங்கே சிறுவனாக வந்து நின்ற விநாயகரிடம் லிங்கத்தைக் கொடுத்துவிட்டு அனுஷ்டானத்துக்குப் போனான். மூன்று முறை கூப்பிட்டும் ராவணன் வராததால், பிள்ளையார் லிங்கத்தைக் கடற்கரை மண்ணில் வைத்துவிட்டார். திரும்பி வந்தவன் தன் பலம் முழுவதையும் காட்டி இழுத்தான். லிங்கம் பசுவின் காதுபோல் குழைந்ததே தவிர, பெயரவில்லை. அதனால் ஊர் கோகர்ணம், சுவாமி மகாபலேஸ்வரர். கோபத்தில் அவன் குட்டிய தழும்பு மகா கணபதியின் தலையில் இன்றும் இருப்பதாகச் சொல்வார்கள்.

ராவணனுக்குப் பக்தி குறைவா? இல்லை. அவனைப் போலத் தவம் செய்தவர்கள் யார்? அவனுடைய குறை ஒன்றே ஒன்றுதான்: 'இது என் ஊருக்கு, எனக்கு' என்று நினைத்தான். அவன் எடுத்துப்போக முடியாமல் போனதால்தான் இன்று உங்களுக்கும் எனக்கும் அந்த தரிசனம் கிடைக்கிறது.

கடற்கரையிலும் இதே சோதனைதான். ஒன்றைப் பார்த்ததும் 'எனக்கு வேண்டும்' என்று மனம் கை நீட்டினால், அது ஆசை. 'இப்படி ஒன்று இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குக் கண் கொடுத்தானே' என்று கை கூப்பினால், அது பக்தி. காட்சி ஒன்றுதான், பார்க்கிற மனம்தான் வேறு.

சேவிக்கலாம், ஆனால்...

அரச மரத்தையும் கடலையும் எப்போதும் சேவிக்கலாம், நினைத்தபோதெல்லாம் தொடக் கூடாது என்று சாஸ்திரம் அறிந்தவர்கள் சொல்வார்கள். அரச மரத்தைத் தொடச் சனிக்கிழமை. கடலில் நீராட அமாவாசை, பௌர்ணமி போன்ற பர்வ தினங்கள். சேதுவுக்கு மட்டும் விலக்கு. தூர நின்று கும்பிடுவதும் முழு வழிபாடுதான் என்று இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

இன்றைக்கும் இது உதவும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏற்றம் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் மழைக்காலத்தின் சீற்றத்தில் இருக்கும். ஓம் கடற்கரை போன்ற வளைகுடாக்களில் பாறைகள் பாசி படிந்து வழுக்கும். படம் எடுக்கப் பாறை நுனியில் நின்றவர்களை அலை இழுத்துப்போன துயரங்கள் இந்தக் கரையில் நடந்திருக்கின்றன. பர்வ ஸ்நானம் செய்வதானாலும் கரையோரமாக, ஊர்க்காரர்கள் காட்டும் இடத்தில், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். தெய்வத்திடம் அன்பு இருக்க வேண்டும், கூடவே பயமும் வேண்டும்.

பாவம் போக்கும் ஆறு

கோகர்ணத்துக்குத் தெற்கே ஒரு ஆறு கடலில் கலக்கிறது. அதன் பெயர் அகநாசினி. வடமொழியில் 'அகம்' என்றால் பாவம். பாவத்தை அழிப்பவள் என்று பொருள். பெரிய அணை எதுவும் குறுக்கே இல்லாமல் மலையிலிருந்து கடல் வரை ஓடிவரும் ஆறு அது. அதன் முகத்துவாரத்தில் அலையாத்திக் காடுகள் உண்டு. உப்பு நீரைத் தாங்கி விளையும் பாரம்பரிய நெல் உண்டு. இடுப்பளவு நீரில் நின்று சிப்பி பொறுக்கிக் குடும்பம் நடத்தும் பெண்கள் உண்டு. 2024-ம் ஆண்டு இந்த முகத்துவாரம் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும் அப்போதுதான் சேர்ந்தது.

நம் பாவத்தைப் போக்குகிறவள் மேல் நாம் குப்பையைப் போடலாமா? நீராடிய துணியைத் தண்ணீரில் விடுவது, பிளாஸ்டிக் பையோடு பூவைக் கரைப்பது, எண்ணெய் பாக்கெட்டை மணலில் புதைப்பது... இதெல்லாம் பரிகாரம் ஆகாது, புதிய பாவம்தான் சேரும்.

'நாங்கள் கடலுக்கு எங்கோ தூரத்தில் இருக்கிறோம்' என்று உத்தனப்பள்ளிக்காரர்களும் சொல்ல முடியாது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியாகக் கடலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறாள். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் சுவாமிகள் எழுந்தருளித் தீர்த்தவாரி காணும் அதே பெண்ணைதான். கெலவரப்பள்ளியில் கழிவு கலந்து வெள்ளை நுரை மலைபோல் பொங்கிய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அதில் ஆலைகளின் பங்கு உண்டு, நகரங்களின் சாக்கடைக்கும் பங்கு உண்டு. நம் வீட்டு சோப்புத் தண்ணீரும் எங்கோ ஒரு ஆற்றைத் தேடித்தான் போகிறது.

பிறகு கோயில் எதற்கு?

கடலே போதும் என்றால் கோயில் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கடல் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கோயில் கேட்கிறது: குளித்து வா, காத்திரு, முன்னால் நிற்கும் வயதானவருக்கு வழிவிடு, நாளையும் விளக்கேற்று என்கிறது. அழகான இடத்தில் மட்டும் உருகுகிற மனம், குக்கர் விசிலும் கரண்ட் கட்டுமான செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்யும்? அப்போது கை கொடுப்பது பழக்கம். தினமும் ஏற்றுகிற ஒரு திரி விளக்கு. மனம் ஒட்டாமல் ஏற்றினாலும் அது வீண் போவதில்லை. என்றோ ஒருநாள் கடற்கரையில் அது கண்ணீராக வருகிறது. சன்னதியில் விதைத்தது அங்கே முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் ரசிப்பதா, கும்பிடுவதா என்று இரண்டையும் மோதவிட வேண்டாம். அடுத்த யாத்திரையில் தரிசனம் முடிந்ததும் அத்தையையும் கைபிடித்துக் கரைக்கு அழைத்துப் போங்கள். கால் வலிக்காத இடமாகப் பார்த்து உட்காரவையுங்கள். செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, தெரிந்த நாமத்தைப் பத்து நிமிடம் மனதுக்குள் சொல்லுங்கள். எழுந்து வரும்போது கூழாங்கல்லோ சங்கோ எடுக்காதீர்கள். நீங்கள் கொண்டுபோன காகிதம் ஒன்றையும் விட்டுவராதீர்கள். நாளை வேறொரு ஊரிலிருந்து, வேறொரு பெண் அதே மணலில் வந்து உட்காருவாள். அவளுக்கும் அந்தக் கரை அப்படியே இருக்க வேண்டும்.