சர்க்கரை குறைவாக

இளம்பெண் ஒருத்தி தன் தகப்பனார் வயதுடைய ஒருவரை விரும்புகிறாள் என்று கேள்விப்பட்டதும் உலகம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலில் சிரிக்கிறது. பிறகு, 'அந்த மனுஷனுக்குச் சொத்து எவ்வளவு?' என்று விசாரிக்கிறது. அந்தப் பெண்ணிடமே போய், 'அம்மா, உனக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்பதற்கு மட்டும் உலகத்துக்குப் பொழுது இருப்பதில்லை.

2007-ஆம் ஆண்டு 'சீனி கம்' என்று ஓர் இந்திப் படம் வந்தது. எழுதி இயக்கிய பால்கி தமிழர், இசை இளையராஜா. 1986-இல் 'மௌன ராக'த்தில் நாம் கேட்டு உருகிய மெட்டு ஒன்று இந்தி உடை உடுத்திக்கொண்டு அதில் வரும். 'சர்க்கரை குறைவு' என்பது படத்தின் பெயருக்குப் பொருள். லண்டனில் உணவு விடுதி நடத்தும் 64 வயதுப் பிரம்மசாரி. அவர் சமையலுக்கு அவரே மெச்சிக்கொள்ளும் கர்வம். 34 வயதுப் பெண்ணொருத்தி அவர் விடுதிப் புலாவைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். சண்டை மூள்கிறது, சண்டை சிநேகமாகி, சிநேகம் காதலாகிறது. பெண் கேட்க டில்லிக்கு வந்தால், மாமனாராக வேண்டியவருக்கு வயது 58! மாப்பிள்ளையைவிட ஆறு வருஷம் இளையவர். அவர் காந்தி பக்தர் வேறு. மகள் மனத்தை மாற்ற உண்ணாவிரதம் தொடங்கிவிடுகிறார். அமிதாப் பச்சனும் தபுவும் பரேஷ் ராவலும் நடித்த இந்தக் கட்டங்களில் சிரிக்காதவர் இருக்க முடியாது.

ஆனால் சிரிக்காத ஒருவரை நான் கண்டேன்.

ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் கட்டபெட்டு என்று ஓர் ஊர். சரிவெல்லாம் தேயிலை, சரிவுகளுக்கு நடுவே படகர்களின் ஹட்டிகள், சிறு விவசாயிகள் பறிக்கும் பச்சைத் தேயிலையைத் தூளாக்கும் கூட்டுறவுத் தொழிற்சாலை. அங்கே ஒரு விவசாயியின் வீட்டில் விருந்தாளியாக இருந்த மாலையில் தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடிற்று. கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கைகளைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்காரரும் முதல் பாதியில் நன்றாகத்தான் சிரித்தார். தகப்பன் பட்டினி கிடக்கத் தொடங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இந்த அப்பங்காரன் கேக்கறதுல என்ன சார் தப்பு? பெத்தவனுக்குப் பயமா இருக்காதா?" என்றார்.

கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள், எனக்காகத் தமிழிலேயே பதில் சொன்னாள்: "பயப்படட்டும் அப்பா. ஆனா அவளை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே? சாப்பிடாம இருந்தா அது கேள்வியா, மிரட்டலா?"

தகப்பனார் வாயடைத்துப் போனார். ஆனாலும் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் பட்டது. இரண்டு நியாயங்கள் மோதுகிற இடத்தில்தான் தர்மத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது, அல்லவா?

முதலில் நம் சிரிப்பை எடுத்துக்கொள்வோம். கிழ மாப்பிள்ளையைக் கண்டு சிரிக்கும் குணம் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1938-இல் கே. சுப்ரமணியம் எடுத்த 'சேவாசதனம்' படத்தைப் பாருங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாகத் திரையில் தோன்றியது அதில்தான், மூலக்கதை பிரேம்சந்தினுடையது. வறுமையின் காரணமாக ஒரு வயோதிகருக்கு மனைவியாக்கப்பட்டு, அவருடைய சந்தேகத்துக்கு ஆளாகி வீட்டை விட்டே துரத்தப்படும் பெண்ணின் கதை. அந்தக் காலத்து ஜனங்கள் அதைக் கற்பனைக் கதையாகப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதையாகப் பார்த்தார்கள். பெண்ணின் திருமண வயது 14 என்று சாரதா சட்டம் செய்வதற்கே 1929 ஆக வேண்டியிருந்தது. அது 18 ஆனது 1978-இல். பணத்தைக் காட்டிச் சிறு பெண்ணை வாங்கிய கிழவர்களைத் தட்டிக் கேட்க வழியில்லாத சமூகம், அவர்களைப் பரிகாசம் செய்து பழி தீர்த்துக்கொண்டது. ஆகவே அந்தச் சிரிப்பை வெறும் குறுகிய புத்தி என்று தள்ளிவிட முடியாது. அது பட்ட காயத்தின் தழும்பு.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'சேவாசதன'த்துப் பெண்ணைக் கிழவருக்குக் கொடுத்தார்கள். 'சீனி கம்' பெண்ணைக் கொடுக்க மறுக்கிறார்கள். பார்வைக்கு நேர் எதிரான காரியங்கள். உள்ளே புகுந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. இரண்டு இடத்திலும் முடிவு செய்கிறவர் வேறொருவர். கொடுப்பதும் மறுப்பதும், பெண் ஒரு பொருளாக இருக்கும் வரையில்தான் சாத்தியம்.

அப்படியானால் பெண் சம்மதித்துவிட்டால் போதுமா? அங்கேதான் சிக்கல் இருக்கிறது. சார்லி சாப்ளின் 1943-இல் ஊனா ஓநீலை மணந்தபோது அவருக்கு 54, அவளுக்கு 18. அவள் தகப்பனார் பெரிய நாடகாசிரியர் யூஜின் ஓநீல். மாப்பிள்ளையைவிட ஆறே மாதம் மூத்தவர்! மகளின் முகத்தில் விழிக்கவே மறுத்துவிட்டார். சாப்ளின் தம்பதியோ எட்டுக் குழந்தைகளைப் பெற்று, 1977-இல் அவர் கண் மூடும் வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். ஓநீலின் கோபம் தோற்றது. ஆனால் அவருடைய கணக்கு தோற்கவில்லை. ஊனா 52 வயதில் விதவையானாள். அவர் இல்லாமல் பதினான்கு வருஷம் இருந்து 1991-இல் மறைந்தாள்.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. 1916-இல் டார்ஜிலிங் மலையில் முகம்மது அலி ஜின்னாவும் ருட்டி பெட்டிட்டும் பழகினார்கள். தகப்பனார் நீதிமன்றத்துக்கே போய்த் தடை வாங்கினார். ருட்டி பதினெட்டு நிரம்பும்வரை காத்திருந்து, 1918-இல் வீட்டை விட்டு வெளியேறி 41 வயது ஜின்னாவை மணந்தாள். அவளுடைய துணிச்சலில் குறையில்லை. அவர் அன்பிலும் பொய்யில்லை. ஆனால் அவருடைய பொழுதெல்லாம் வழக்குக்கும் அரசியலுக்கும் போயிற்று. அவளுடைய பொழுது காத்திருப்பதில் போயிற்று. பிரிந்து வாழ்ந்து, 29-ஆவது பிறந்த நாளன்று இறந்தாள்.

இரண்டு பெண்களும் பதினெட்டு வயதில்தான் 'சரி' என்றார்கள். ஒருத்திக்கு அது வாழ்வாயிற்று, இன்னொருத்திக்குத் தனிமையாயிற்று. 'சீனி கம்' எடுத்தவர் புத்திசாலி. தம் கதாநாயகிக்கு 34 வயதைக் கொடுத்து இந்தக் கஷ்டமான கேள்வியிலிருந்து தப்பித்துக்கொண்டார். உலகம் தெரிந்தவள் சொல்லும் 'சரி'யும், உலகத்தைக் காணுமுன் சொல்லும் 'சரி'யும் ஒரே சொல்தான்; எடை வேறு.

அந்த எடையை எதைக் கொண்டு நிறுப்பது? இதற்குக் கட்டபெட்டு மலையின் பழைய வழக்கம் ஒன்று வெளிச்சம் தருகிறது. படகர்களிடையே முற்காலத்தில் பெண் புகுந்த வீட்டுக்கு வந்துவிட்டதாலேயே கல்யாணம் பூர்த்தியானதாகக் கொள்ளவில்லை. முதல் கர்ப்பத்தின்போது கணவன் கழுத்தில் நூல் கட்டும் 'கண்ணி' சடங்கு நடந்த பிறகே பந்தம் உறுதிப்படும். அதற்கு முன் பிடிக்காவிட்டால் அவள் தாய்வீடு திரும்பலாம். விதவையும் மறுமணம் செய்துகொள்ளலாம். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலிலேயே இந்தச் சடங்கைப் பற்றிய குறிப்பு உண்டு. சமவெளியில் சாஸ்திரம் படித்தவர்கள் மூடி வைத்திருந்த கதவை மலைமேல் விவசாயிகள் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள். திரும்பி வரக் கதவு இருந்தால்தான் ஒருத்தி போவது அவள் விருப்பம் ஆகும். வர வழியில்லாத இடத்தில் மாப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயதானாலும் அது சிறைதான்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். வயது வித்தியாசம் நம் சினிமாவுக்குப் புதிதா என்ன? 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தபோது எம்.ஜி.ஆருக்கு 48, ஜெயலலிதாவுக்கு 17. கொட்டகையில் யார் சிரித்தார்கள்? கதாநாயகனுக்கு வயதே கிடையாது என்று நாமெல்லாம் ஒப்புக்கொண்டிருந்தோம். 'சீனி கம்' கிழவருக்கு வயதைச் சொல்லிற்று, அதனால் சிரித்தோம். சொல்லாமல் மறைத்ததைப் பக்தியோடு ஏற்றுக்கொண்டு, சொல்லிவிட்டதைப் பரிகசிக்கிற நாம், அந்தத் தகப்பனாரைவிட எந்த விதத்தில் உயர்ந்தவர்கள்? பெண் மூத்தவளாக இருந்தால் நம் சிரிப்புக்கு இன்னும் கூர்மை வந்துவிடுகிறது. 1975-இல் 'அபூர்வ ராகங்க'ளில் இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டிய பாலசந்தர், கடைசியில் எந்த ஜோடியையும் சேர்த்து வைக்கவில்லை.

ஆகவே, வயது எவ்வளவு என்ற கேள்வியைத் தகப்பன்மார் கேட்கட்டும், தடையில்லை. ஆனால் அத்தோடு நிற்க வேண்டாம். தன் சோற்றைத் தானே சம்பாதித்துக்கொள்ள அவளுக்குத் திராணி உண்டா? 'வேண்டாம்' என்று சொல்ல இன்றும் நாளையும் அவளால் முடியுமா? தான் இல்லாமற்போகும் நாளைப் பற்றி அவளோடு உட்கார்ந்து பேச அந்த மூத்தவருக்குத் தைரியம் உண்டா? இவற்றுக்கெல்லாம் 'ஆம்' என்று பதில் வந்தால், மிச்சமிருக்கும் பயத்தைத் தகப்பன் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அது அவனுடைய பங்கு. முப்பது வருஷத்து நிறைந்த துணையா, பதினைந்து வருஷத்து நிறைந்த துணைக்குப் பின் தனிமையா என்று தேர்ந்துகொள்ளும் துக்கம் அவளுடைய பங்கு. அந்தத் துக்கத்தைக்கூட அவளிடமிருந்து பறித்துக்கொள்ள அன்புக்கு உரிமையில்லை.